ஏலத்தில் போன புடலங்காய்

நெய்யாற்றின்கரைப் பக்கம் காரோடு ஊரில் விதைக்கடை வைத்திருக்கும் ஷிஜாவிடம் உரம், பூச்சி, மழை, எதைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் நிற்கும். ஒன்றை மட்டும் அவள் தானாக யாரிடமும் சொன்னதில்லை. அவள் விற்கும் ஹைப்ரிட் விதையில் காய்த்த காயிலிருந்து விதை எடுத்து நட்டால், கொடி படரும். தாய்ச்செடி போலக் காய்க்காது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? வருஷா வருஷம் ஆட்கள் புதுப் பாக்கெட் வாங்க வந்தால்தானே கடை ஓடும். "பாடுபட்டு விதை உண்டாக்குறவனும் பிழைக்கணுமே" என்று கம்பெனி ஆள் சொன்னது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த நியாயம் சர்ச்சில் அறுப்புப் பண்டிகை வரும் வரைக்கும் தாங்கியது. அவளிடம் விதை வாங்கிய எலியா, ஒரு புடலங்காயை விதைக்கென்று முற்றவிட்டு, முதற்பலனாகச் சபையில் படைத்துவிட்டார். ஜெபித்த காயின் விதைக்கு அங்கே தனி மவுசு. போட்டி போட்டு ஏலத்தில் எடுத்து நடுவார்கள்.

ஷிஜாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உண்மையைச் சொன்னால், "பின்னே எங்களுக்கு எதுக்கு வித்த?" என்று சபையே கேட்கும். தானே ஏலத்தில் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று, மகா புத்திசாலியாக விலை கேட்டாள்.

"விதைக் கடைக்காரியே விடாம கேக்கியாள்ண்ணா, இது நல்ல விதையாக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்த ஓமனா. குத்தகைக்கு நிலம் எடுத்துக் காய்கறி நட்டுப் பிழைப்பவள். ஷிஜா விலையை ஏற்ற ஏற்ற அவளும் ஏற்றினாள். காய் கடைசியில் ஓமனா மடிக்குப் போயிற்று.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். ஓமனா உரம் வாங்க வரும்போதெல்லாம் ஷிஜா வாயெடுப்பாள். கடையில் ஆள் நிற்கிறது, மழை வருகிறது என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

ஓணம் நெருங்கும்போது ஓமனா வெறுங்கூடையுடன் வந்தாள்.

"பாதிக் கொடி பூத்து உதிர்ந்துட்டு. காய்ச்சதும் குட்டையும் கைப்புமா இருக்கு. நெய்யாற்றின்கரைச் சந்தையில ஒருத்தனும் எடுக்கேல. ஜெபிச்ச விதையில குறை சொல்ல முடியுமா? எனக்க கைதான் கொள்ளாது, கைராசி இல்ல. அடுத்த தடவ நீ வந்து நட்டுத் தா மக்கா."

ஷிஜாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"உங்க கையில ஒரு குறையும் இல்லக்கா. அந்த விதை சரியா காய்க்காதுண்ணு எனக்கு அண்ணைக்கே தெரியும்."

"தெரிஞ்சிட்டுதானா ஏலம் கேட்ட?"

"உங்க யாரு கையிலயும் கிடைக்கப்படாதுண்ணாக்கும் கேட்டேன்."

ஓமனா கூடையைக் கீழே வைத்தாள். "அந்த விதைய நான் நாலு வீட்டுக்குக் கொடுத்தேனேடி. அவங்களுக்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நான் வாறேன் அக்கா. நானே சொல்லுதேன்."

ஓமனா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஷிஜா பட்டப்பகலில் கடையை அடைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். அந்த நாலில் முதல் வீடு வரும்வரை ஓமனா திரும்பிப் பார்க்கவில்லை.