டோக்கன் விதியும் கபடி லீக்கும்

அருள்புரம் பக்கம் கபடி லீக் நடக்கும் மைதானத்துக்கு நான் இப்போது போவதில்லை. பஸ்ஸில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஆட்டக்காரர்களை மேடையில் நிறுத்தி ஏலம் எடுக்கிறார்கள். அவர்கள் மார்பில் பனியன் கம்பெனிகளின் பெயர் இருக்கிறது. அந்தக் கம்பெனிகளில் துணி வெட்டுகிறவரோ தைக்கிறவரோ ஒருவர்கூட ஆடுவதில்லை. ஆட்டத்தைக் கெடுத்தது லீக் தலைவரா, தொழிலாளர் பிரதிநிதியா என்று டீக்கடையில் வாதம் நடக்கும்போது நான் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அந்தப் பிரதிநிதி நான்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்தோம்.

முதலில் அது வெறும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத வாரங்களில் கம்பெனிக்கு ஏழு பேர் வருவார்கள். கோடு போடச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் கட்டிங்கில் மிஞ்சிய துணிப் பட்டையை ஆணியடித்துக் கோடாக்குவார்கள். பிறகு ஏற்றுமதி முதலாளி ஒருவர் அதை லீக் ஆக்கித் தானே தலைவரானார். சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவன், சட்டம் படித்தவன் என்று என்னையும் கமிட்டியில் சேர்த்தார்கள்.

அப்போதே சில கம்பெனிகள் வெளியூர் ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து இறக்கத் தொடங்கியிருந்தன. அதைத் தடுக்க நான் ஒரு விதி எழுதினேன். கம்பெனி கொடுக்கும் ஒரே டோக்கன் எண்ணில் ஒரு வருடம் வேலை செய்தவர்தான் ஆடலாம். டோக்கன் மாறினால் புதுத் தொழிலாளி என்றே கொள்ளப்படும்.

"பேஷா போட்டுக்கலாமுங்க" என்றார் தலைவர். அவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. தெக்கத்திக்காரர்கள் திருவிழா, கல்யாணம் என்று ஊருக்குப் போய் இருபது நாள் கழித்து வந்தால், அதே மிஷினில் உட்கார வைத்துவிட்டுப் புது டோக்கன் கொடுப்பார்கள். பழைய வருடங்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். இது அயோக்கியத்தனம் என்று காதர்பேட்டையில் மைக் பிடித்து எத்தனையோ முறை பேசியவன் நான். அதே அயோக்கியத்தனத்தை என் கையால் விதியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

லீக்கின் முதல் வருடம் ஒரு டைலர் சங்க ஆபீசுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓவர்லாக் மிஷினில் பதினோரு வருடமாக இருக்கிறவர், அவர் கம்பெனி அணியில் அவர்தான் முதலில் கபடி பாடிப் போகிறவர். தங்கை கல்யாணத்துக்குப் போய் வந்ததில் டோக்கன் மாறியிருந்தது. இறுதி ஆட்டத்தில் தலைவரின் அணியோடு மோத வேண்டும், பட்டியலில் அவர் பெயர் இல்லை. செக்கிங்கில் வேலை பார்க்கும் அவர் மனைவியும் கூட வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஆடுறதும் ஆடாததும் கெடக்கட்டும். பதினோரு வருசம் இங்க இருக்கேன்னு ஒரு எழுத்து குடுங்க. அது போதும்."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க தம்பி" என்றேன்.

"மைக்குல ஒரு விதி, நோட்டுல ஒரு விதியா அண்ணாச்சி?" என்றார் அவர் மனைவி. "நீங்க பேசுனதக் கேட்டுத்தான இவுக சங்கத்துல சேந்தாக. நாந்தான் வேண்டாம்னேன்."

டைலர் அவரை அதட்டினார். என் மேசை இழுப்பறையிலேயே மூன்று கடிதங்களின் நகல்கள் இருந்தன. தலைவர் வெளியூரிலிருந்து கூட்டி வந்த மூன்று பேர், அவர் கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் ஒரு வருடமாக இருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் சான்று கொடுத்திருந்தேன். "பேனர்ல சங்கத்துப் பேரும் போட்டர்றனுங்க. கோப்பைய நீங்களே குடுத்துருங்கண்ணா" என்று அவர் சொன்னதற்காக. வேறு எதுவும் நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது பசிக்கு விற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தலைவரின் அணிதான் ஜெயித்தது. மைக் பிடித்திருந்தவர் சிறந்த ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, "கம்பெனில எந்த செக்ஷனுங்க?" என்று கேட்டார்.

"எந்தக் கம்பெனிங்க?" என்றார் அவர்.

கூட்டத்தில் சிரிப்பு. "பனியனத் திருப்பிப் பாரு கண்ணு, பேரு போட்டிருக்கும்" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தபடி கோப்பையைக் கொடுத்தேன். டைலரின் கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்பே மைதானத்தை விட்டுப் போயிருந்தார்கள்.

சில மாதங்களில் ஆர்டர் இல்லை என்று சொல்லி டைலரை அவர் கம்பெனி நிறுத்தியது. பதினோரு வருடத் தொழிலாளியை இப்படி நிறுத்த முடியாது என்று அவர் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டார். கம்பெனியின் வக்கீல் எங்கள் லீக்கின் விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். டோக்கன் மாறினால் புதுத் தொழிலாளி என்று தொழிற்சங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறதே என்றார். அதிகாரி என்னை வரச் சொன்னார்.

"உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க. ஆனா அது தப்புங்க. இவரு பதினோரு வருசமா அங்கதான் இருக்கறாரு. தெரிஞ்சும் இவருக்கு எழுத்துக் குடுக்கலீங்க."

வக்கீல் லீக் கோப்பில் இருந்த அந்த மூன்று சான்றுகளையும் காட்டினார். "இவங்களும் தொழிலாளிங்கதானுங்களா?"

"இல்லீங்க. பொய்ங்க."

"அப்ப இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசங்களா?" என்று சிரித்தார் வக்கீல். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் டைலர் சொன்னார், "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி." கோபமே இல்லாமல் சொன்னார்.

அதற்குப் பிறகு தலைவரிடம் போய் அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்றேன். "அடுத்த வருசத்துல இருந்து ஏலமுங்க. விதி இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க" என்றார். கமிட்டியிலிருந்து விலகினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தின் ஆணை வந்த அன்று டைலரும் மனைவியும் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது, படித்துச் சொல்ல அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. புது டோக்கன்படி மனுதாரர் நான்கு மாதமே வேலை செய்தவர், மனு தள்ளுபடி என்று இருந்தது. தமிழில் சொன்னேன். பதினோரு வருடம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா, இன்னொரு தடவை பாருங்கள் என்றார் அவர் மனைவி. முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன்.