சேற்றில் எழுந்து நின்ற நீலாம்பாள்

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிற செல்லப்பா யார் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினாலு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, மிளகு மூட்டை சுமந்து, பிறகு சொந்தத்தில் மூன்று டிப்பர் லாரி ஓட்டியவன். சுள்ளிக்கல்லில் மாடி வீடு. என் கதையை எழுதினால் மலர் முழுக்க வேண்டும். ஆனால் நான் நீலாம்பாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீலாம்பாள் இங்கேயே பிறந்தவள். தகப்பனும் தாயும் நகரத் துப்புரவு வேலை. அவளும் அதே வேலைக்குப் போய் முப்பத்து மூன்று வருஷம் சாக்கடையிலும் ஓடையிலும் இறங்கினாள். எந்த ஓடை எந்தச் சந்தில் வளைந்து எங்கே காயலில் விழுகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகள் மகாவைத் தனியாக வளர்த்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை.

காயலோரச் சதுப்பில் அம்பிளி என்கிற காலேஜ் டீச்சர் ஆட்களைத் திரட்டி ஞாயிறுதோறும் கண்டல் நட்டுக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் வளர்கிற மரம் அது. விதையே முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். முதல் வருஷம் நட்ட நானூற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தண்ணீர் வடியும்போதெல்லாம் பிளாஸ்டிக் வந்து சுற்றிக் கன்றுகளைச் சாய்த்துவிட்டது. கரையில் நின்று பார்த்த நீலாம்பாள், முதலில் ஓடை வாயில் பழைய மீன்வலையைக் கட்டுங்கள், குப்பை அங்கிருந்துதான் வருகிறது, நடுவதைப் பிறகு பார்க்கலாம் என்றாள். கட்டினார்கள். அடுத்த வருஷம் பாதிக்கு மேல் நின்றது. அதற்குப் பிறகு அவள் இல்லாமல் அங்கே வேலை நடக்காது என்றாயிற்று.

அவள் நடுகிற விதம் தனி. அந்தச் சேற்றில் காலை ஊன்றினால் உள்ளே போகும். அவள் முட்டிபோட்டு, முழங்காலிலிருந்து பாதம் வரை சேற்றில் படிய வைத்து நகர்வாள். முன்னால் ஒரு பெரிய அலுமினியச் சருவம். அதில் கன்றுகள். அதைத் தள்ளிக்கொண்டு ஆமை மாதிரி போவாள். அவள் சேற்றில் புதைந்து யாரும் பார்த்ததில்லை.

குப்பையை அள்ளிப் போக என் லாரியை வாடகையில்லாமல் கொடுத்தவன் நான். அதனால் முக்கியமான நாட்களில் என்னையும் கூப்பிடுவார்கள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு. மலையாளத்தில் விருச்சிகம். அந்த மாதத்தில் இங்கே காயல் ஏறினால் வீட்டுப் படியைத் தொடும். காலையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது நட்டு முடிப்பதாகத் திட்டம். காக்கநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து இருபது பேர், ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார்கள். கையில் பெரிய கேமரா. அதற்குள் தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டது.

நீலாம்பாள் முட்டிபோட்டுச் சருவத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். கேமராக்காரப் பையன் அவள் பின்னாலிருந்து படம் எடுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்தார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. மூட்டை சுமந்த காலத்தில் என்னைப் பார்த்தும் அப்படிச் சிரித்திருக்கிறார்கள்.

கரையிலிருந்தே சொன்னேன். "எந்திரிச்சு நட, நீலா. நம்ம ஆளுக முட்டி போட்டு ஊர்றதை இவனுங்க படம் பிடிச்சுட்டுப் போகணுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. "இங்கன நடக்கக் கொள்ளாது அண்ணாச்சி."

"வலது ஓரமாப் போ. அது நான் ரொப்பின இடம். அடியில அம்பது லோடு கான்கிரீட் கெடக்கு. யானையே நடக்கும்."

உண்மைதான். இருபது வருஷத்துக்கு முன்னால், இடித்த கட்டடங்களின் கழிவையெல்லாம் என் லாரிதான் அங்கே கொட்டியது. இந்த ஊரில் எனக்குத் தெரியாத மண் கிடையாது.

"அதை வேனல்ல ஜேசிபி வச்சு..." என்று அவள் தொடங்கினாள். நான் முடிக்க விடவில்லை. எனக்குத் தெரியும், நட என்றேன்.

அவள் எழுந்தாள். வலப் பக்கம் நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் தொடைவரை போய்விட்டாள்.

அந்தக் கோடையில் நான் ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, தண்ணீர் உள்ளே வந்துபோக வழி வேண்டும் என்று அனுமதி வாங்கி, நான் கொட்டியதைத் தோண்டி எடுத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் புதுச் சேறு களி மாதிரி நிறைந்திருந்தது. அவள் சொல்ல வந்தது அதைத்தான்.

ஒரு காலை உருவப் பார்த்தாள், மற்றது இறங்கியது. இடுப்புவரை ஆனதும் அசையாமல் நின்று சருவத்தைக் கட்டிக்கொண்டாள். அம்பிளி தீயணைப்புக்கு போன் போட்டாள். அவர்கள் அந்தச் சந்துக்குள் வண்டியைக் கொண்டுவர அரைமணி ஆகும் என்றார்கள். படகுக்காரன் பிஜு வஞ்சியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முப்பது அடி தூரத்தில் அடி தட்டி நின்றுவிட்டது.

"வெள்ளம் ஏறாம வஞ்சி நகராது அண்ணாச்சி" என்றான்.

வஞ்சி வர வேண்டுமானால் தண்ணீர் ஏற வேண்டும். தண்ணீர் ஏறினால் அவள் இருக்க மாட்டாள். அது ஏறிக்கொண்டேதான் இருந்தது. சத்தமே இல்லை. இடுப்பில் இருந்தது நெஞ்சுக்கு வந்தது. நட்ட கன்றுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இருபது பேரும் கரையில் கல்லாக நின்றார்கள். கேமராக்காரன் கேமராவைத் தரையில் வைத்துவிட்டான்.

அம்பிளி, "சேச்சி பேடிக்கண்டா, நாங்க இருக்கு" என்று, பயப்படாதே என்பதை மலையாளமும் தமிழுமாக, அழுதுகொண்டே சொன்னாள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கரையில் கிடந்த பலகை ஒன்றை முன்னால் தள்ளி, அதன்மேல் வயிற்றை வைத்து ஊர்ந்து போனேன். என் மூச்சே எனக்கு இரைச்சலாகக் கேட்டது. கிட்டே போனதும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இழுக்காதீங்க அண்ணாச்சி. எடது காலு கம்பிக்குள்ள கெடக்கு. கையை விட்டுத் தடவிப் பாருங்க. சேத்துக்குள்ள வெள்ளம் எறங்கினா இளகும்."

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். முப்பத்து மூன்று வருஷம் எந்தச் சாக்கடையும் தன்னை முழுங்கவில்லை, இது மட்டும் முழுங்கிவிடுமா என்றுகூடச் சொன்னாள். ஆனால் அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, அவள் காலோடு கையை இறக்கினேன். கணுக்காலுக்குக் கீழே உடைந்த கான்கிரீட் துண்டு. அதிலிருந்து வளைந்த இரும்புக் கம்பி அவள் பாதத்தைக் கொக்கி மாதிரி மாட்டியிருந்தது. தோண்டியபோது தப்பிக் கிடந்தது. அங்கே என்னைத் தவிர வேறு யாரும் கொட்டியதில்லை.

நான்கு முறை முங்கினேன். நான்காவது முறை மேலே வந்தபோது தண்ணீர் அவள் மோவாயில் இருந்தது. முகத்தை வானத்தைப் பார்க்க வைத்திருந்தாள். பேசுவதை நிறுத்திவிட்டாள். ஐந்தாவது முறை கம்பியை இரண்டு கையாலும் விரித்து அவள் பாதத்தைத் திருப்பினேன். தோலோடு உரிந்துகொண்டு வெளியே வந்தது. அந்த நேரத்தில்தான் வஞ்சி மிதந்து வந்து எங்கள்மேல் இடித்தது. பிஜு அவளை அக்குளில் பிடித்துத் தூக்கிப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இடது காலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. விஷம் ஏறினால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நான் வராந்தாவிலேயே கிடந்தேன். நான்காம் நாள் பெருவிரல் அசைந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். சதுப்புக்கு வருகிறாள். கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு முட்டிபோட்டு நகரச் சொல்லிக் கொடுக்கிறாள். காக்கநாட்டுக்காரர்களில் ஆறு பேர் விடாமல் வருகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே மகா என் முன்னால் கேட்டாள். "அம்மா, யாரு உன்னை எந்திரிச்சு நடக்கச் சொன்னது?"

நீலாம்பாள் என்னைப் பார்க்காமல், "நானாத்தான் எந்திரிச்சேன். முட்டு வலிச்சுது" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மகா எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தாள். அம்மாவின் உயிரைக் காப்பாற்றியவர் என்று காலனி முழுக்கச் சொன்னாள். சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மகாவுக்குத் தமிழ் எழுத்து வராது, மலையாளத்தில் படித்தவள். மலர் அச்சாகி வந்ததும் நானே எடுத்துப் போய் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.