மனைவி பெயரில் சில பேய்கள்

செத்துப்போன ஒருவனுக்கு உயிரோடிருக்கும் பெண்மேல் காதல் வருகிறது. நான் எழுதிய அத்தனை நாவல்களுக்கும் இதுதான் கதை. பங்களா மாறும், அவன் செத்த விதம் மாறும், அவள் பார்க்கும் வேலை மாறும். கடைசியாக எழுதியதில் அவள் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்குத் தணிக்கை செய்ய வந்த ஆடிட்டர். அவன் அந்தத் தோட்டத்தின் பழைய முதலாளியின் மகன். செத்து எத்தனையோ காலம் ஆகியும் தலைமுடி கலையாதவன். எனக்குத்தான் முன்மண்டை முழுக்கப் போய்விட்டது.

காலையில் பால் காய்ச்சியதும் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை செல்போனில் தட்டிக்கொண்டிருப்பேன். கதையில் மூடுபனி. அவள் சால்வையை இழுத்துப் போர்த்துவாள், அவன் விரல் பட்டால் ஐஸ்கட்டி பட்டது மாதிரி இருக்கும். இங்கே காரைக்காலில், கோவில்பத்து வீட்டில், கடல்காற்றின் பிசுபிசுப்பில் பனியன் முதுகோடு ஒட்டிக்கிடக்கும். மின்சாரம் போனால் துண்டால் விசிறிக்கொண்டே மூடுபனி எழுதுவேன். கதையை இந்த ஊரிலேயே வைத்தால் என்ன என்று ஒருமுறை முயன்று பார்த்தேன். வியர்த்து வழியும் பெண்ணைப் பேய் எப்படிக் காதலிக்கும் என்று எனக்கே நம்பிக்கை வராமல் விட்டுவிட்டேன்.

வாராவாரம் வெளியாகும் அத்தியாயத்துக்கு எங்கள் தொழிலில் 'எபி' என்று பெயர். வெள்ளிக்கிழமை காலை இணையதளத்தில் எபி ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் மதியத்துக்குள் கேள்விகள் வரிசைகட்டும். "என்னாச்சு சிஸ், உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். ஆனால் அறுபதைத் தாண்டிய ஓர் ஆம்பளையை வாரம் முழுக்க 'சிஸ்' என்று கூப்பிட்டால் ஒரு கட்டத்தில் களைப்பாக இருக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டையில் இருப்பது என் மனைவியின் பெயர்.

பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கிளிப் மாட்டித் தொங்கிய காலத்தில் அது ஆரம்பித்தது. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் முதல் நாவலைப் படித்த பதிப்பாளர், "பேய்க்கதைன்னா ஆம்பளை எழுதலாம் சார். காதல் கதைன்னா பொம்பளை எழுதினாத்தான் வீட்டுக்குள்ள விடுவாங்க. நீங்க ரெண்டையும் சேத்து எழுதுறீங்க. எதுக்கு வம்பு, உங்க வீட்டம்மா பேர்லயே போட்டுருவோம்" என்றார். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு ரேஷன் கார்டுல சும்மாதானங்க கெடக்குது. எடுத்துக்குங்க" என்றாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவளுக்குப் பேய் என்றால் அப்படியொரு பயம். டிவியில் பேய்ப்படத்து விளம்பரம் வந்தாலே அடுப்பில் ஏதோ கருகுவதுபோல் எழுந்து போய்விடுவாள். தன் பெயரில் வந்த ஒரு நாவலைக்கூட அவள் படித்ததில்லை. அட்டையைத் துடைத்து அலமாரியில் வைப்பாள், அவ்வளவுதான். ஆனால் செல்போன் வந்து, இணையதளம் வந்து, வாசகிகள் எப்படியோ எண்ணைப் பிடித்து அழைக்க ஆரம்பித்தபிறகு, எழுதியவள் எடுத்துப் பேசித்தானே ஆக வேண்டும்? கதையே தெரியாமல் எப்படிப் பேசுவாள்? அதனால் எபி ஏறும் நாளில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையைச் சொல்லிவிடுவேன். பயமுறுத்தும் இடங்களைத் தாண்டிவிடுவேன். ரத்தம், கிணறு, தானாகத் திறக்கும் கதவு எல்லாம் கழித்தபிறகு, நல்ல வேலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள ஒரு பையனுக்கும் கல்யாணம் தள்ளிப்போகும் கதை மிஞ்சும். அவள் கீரைக்காம்பைக் கிள்ளியபடி, "பாவம், பையன் வூட்டுல யாராவது போய்ப் பேசலாம்ல" என்பாள்.

அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் வயலுக்கு நடுவில் ஒரு கிராமம். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் என்ன குழம்பு என்று கேட்கும் இடம். இங்கே காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டால் தெருவில் நாய்தான் படுத்திருக்கும். மகன் பெங்களூரில். அவன் போன் செய்தால் எல்லாரும் நலமா என்று கேட்டுவிட்டு வைப்பான். அந்த மதியங்களில் அவளுக்குக் கிடைத்தவர்கள்தான் இந்த வாசகிகள். முக்கியமாகத் திருமலைராயன்பட்டினத்து அம்மா ஒருத்தர். கணவர் சிங்கப்பூரில். அந்த அம்மாவும் என் மனைவியும் பேச ஆரம்பித்தால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்துவிடும். அடுத்து மயிலாடுதுறையில் ஒரு டீச்சர், புதிதாகச் சேர்ந்தவர். நான் பணி ஓய்வுபெற்று வீட்டோடு வந்தபிறகுதான் அவள் எவ்வளவு சிரிப்பாள் என்பது எனக்குத் தெரிந்தது. கொல்லைப்பக்கம் துணி காயும் கொடியடியில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஓய்வுபெற்றால் நிம்மதியாக எழுதலாம் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக ஆயிற்று. ஆபீஸ் இருந்தவரை எழுத்து ஒரு திருட்டுத்தனம், அதில் ஒரு ருசி இருந்தது. நாள் முழுக்க அதுவே என்று ஆனதும் சலித்துவிட்டது. அவன் கண்கள் சாம்பல் நிறம் என்று எழுதக் கை போகும்போதே உள்ளே ஒருவன் கொட்டாவி விடுவான். கழுத்து வலி, கண்ணில் எரிச்சல். அரைத்த மாவையே அரைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வாசகிகளுக்கும் தெரிந்திருக்கும், நல்லவர்கள், சொல்லவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, "இந்த ஆடிட்டர் கதையோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். முடியல" என்றேன்.

அவள் ரசக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப நான் அவங்ககிட்ட என்னன்னுங்க பேசுறது?"

அதுவரை நான் அதை யோசித்திருக்கவில்லை. அவளுக்கு இருந்த சிநேகிதம் அத்தனையும் நான் எழுதும் பேய் வழியாக வந்தது. பேய் போனால் அவர்களும் போவார்கள், அதற்கப்புறம் இந்தத் தெருவும் நாயும் நானும்தான் அவளுக்கு. கெஞ்சியிருந்தால் இன்னும் ஒரு நாவல் எழுதியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை. "மாங்கனித் திருவிழாவுக்கு அவங்க நம்ம வூட்டுக்கு வர்றதா இருக்காங்க. அதுவரைக்கும் எழுதுங்க. அப்புறம் விட்டுருங்க" என்று மட்டும் சொன்னாள். ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்ற கணக்கு. மோரை எடுத்துக் குடித்தேன்.

ஆனி மாதம் வந்தது. வாசகிகள் வரும் நாளில் என்னுடைய மேஜை அவளுடைய மேஜையாகிவிட்டது. அதன்மேல் பூப்போட்ட விரிப்பு போட்டு, ஒரு பேனாவை வைத்தாள். நான் பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. என் மூக்குக் கண்ணாடியைக்கூட வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலைசுற்றுகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். அன்று காலை பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் போல என்னிடம் கதையை மறுபடி மறுபடி ஒப்பித்தாள். நானும் வழக்கம்போல வேண்டாததைக் கழித்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அம்மையார் கோயில் பக்கம் கூட்டத்துக்கு மாங்கனி இறைத்து முடிந்து, கூட்டம் கலைந்தபிறகு இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். டீச்சர் கையில் கூட்டத்தில் பிடித்த ஒரு மாம்பழம். பட்டினத்து அம்மா ஒரு தூக்கில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலப்பம் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அல்லாவே, போன்ல பேசுறப்ப நல்லா வாட்டசாட்டமா இருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்! இப்புடிக் குருவி மாதிரி இருக்கீங்களேக்கா" என்றார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் காபி கொண்டுவரும் கணவனாக நின்றேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. டீச்சர்தான் மேஜையைத் தடவிப் பார்த்தபடி கேட்டார். "இங்க உக்காந்துதான் அந்தக் கிணத்து சீனை எழுதுனீங்களாக்கா? படிச்சுட்டு நான் லைட்டை அணைக்கவே இல்ல. எழுதுறப்ப உங்களுக்குப் பயமா இல்லியா?"

என் மனைவி சிரித்த முகத்தோடு அப்படியே நின்றாள். அவளுக்கு எந்தக் கிணறும் தெரியாது. ஆடிட்டர் பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதையும், உள்ளேயிருந்து அவளுடைய முகமே மேலே ஏறி வருவதையும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. காபித் தட்டோடு நானும் நின்றேன்.

"அத விடுங்க டீச்சர்" என்று பட்டினத்து அம்மா சட்டென்று குறுக்கே புகுந்தார். "பண்டத்தச் சாப்புடுங்க மொதல்ல."

"எந்தக் கெணறு?" என்றாள் என் மனைவி. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவள் போலச் சொன்னாள். "நான் எழுதலம்மா. எல்லாம் இவங்கதான் எழுதுறாங்க. எனக்குப் பேயின்னா பயம். ஒண்ணுகூடப் படிச்சதில்ல. உங்ககிட்டப் பொய்தான் சொல்லிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள்.

பட்டினத்து அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அட, இதுக்குப் போயா? எனக்கு எப்பவோ தெரியுங்க்கா. எபி வர்ற அன்னிக்கு நான் கதையப் பத்திப் பேசுனா, 'அப்புறம் என்னாச்சு'ன்னு கேப்பீங்க. எழுதுனவுங்க யாராவது அப்புடிக் கேப்பாங்களா? ஒருநா பல்லி வுழுந்ததுக்கே போன்ல கத்துனீங்க. பயந்த ஆளுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதான் அந்தக் கெணத்த நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல."

நான் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் நான் கழித்துச் சொன்ன அதே இடத்தை, பட்டினத்திலிருந்து அந்த அம்மாவும் கழித்தே சொல்லியிருக்கிறார். டீச்சர் பாவம், விவரம் தெரியாமல் கேட்டுவிட்டதற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மை வெளியானதும் அவர்கள் என் பக்கம் திரும்புவார்கள் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை இருந்தது. இத்தனை வருஷத்து எழுத்து, முதன்முதலாக வாசகர் முன்னால் நிற்கிறேன். "நல்லா எழுதுறீங்கண்ணே" என்றார் பட்டினத்து அம்மா. "ஆமா சார், கிணறு ரொம்ப நல்லா இருந்துது" என்றார் டீச்சர். அதோடு சரி. பிறகு முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசப் போய்விட்டார்கள். மாம்பழத்தை நறுக்கி எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

அடுத்த வாரங்களில் ஆடிட்டரைக் கரைசேர்த்து, பேயை மூடுபனிக்குள் அனுப்பி, நாவலை முடித்தேன். இத்துடன் எழுத்துக்கு ஓய்வு என்று அடியில் ஒரு வரி போட்டேன். நிறையப் பேர் அழும் பொம்மை அனுப்பினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எபி இல்லாமல் விடிந்தது. நான் எதிர்பார்த்திருந்த நிம்மதி வரவில்லை. மேஜையைத் துடைத்தேன். பேப்பரை இரண்டாம் முறை படித்தேன். மதியம் என் மனைவியின் போன் அடிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அடிக்காவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம்.

அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டினத்து அம்மா மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, வஞ்சிர மீன் விலை, டீச்சரின் முழங்கால், யாரோ ஒரு நாத்தனார். நெடுநேரம் கேட்டேன். ஆடிட்டர் என்ற பேச்சே இல்லை. அப்படி ஒருத்தி கதையில் வந்ததே மறந்ததுபோல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போனைக் கையில் பிடித்தபடியே அவள் உள்ளே வந்தபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கதையப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லீங்களே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களப் பத்திக் கேட்டாங்க. அண்ணனுக்கு இப்பப் பொழுது எப்புடிப் போவுதுன்னு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"பாவம், பேச ஆளில்லாம ஒக்காந்திருக்காங்கன்னு சொன்னேன்." போனை என்னிடம் நீட்டினாள். "லைன்லதான் இருக்காங்க. நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். "சாப்ட்டீங்களாண்ணே?" என்றது குரல்.

"சாப்ட்டேம்மா" என்றேன். அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.