மின்னலார் பிடுங்கிய பேட்டரி

"மூளை இருக்கிறவன் விரலால கணக்குப் போட மாட்டான். இனி என் விரல் இந்தப் பொத்தானைத் தொட்டா, மூளை இல்லாதவன்னு போர்டு எழுதி என் கழுத்துல மாட்டிடுங்க!"

இப்படி முழங்கிவிட்டு, கடைக் கால்குலேட்டரின் வயிற்றைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கி, நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரத்துக்குத் தானம் செய்தவர் டைல்ஸ் கடை முதலாளியின் இளைய மருமகன். அந்தக் கால்குலேட்டரை அன்றாடம் தட்டிப் பிழைத்தவர் மூத்த மருமகன். சகலைகள் இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் மூச்சை மற்றவர் வெறுத்தபடி வியாபாரம் செய்தார்கள்.

இளையவர், பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில், மனசுக்குள்ளேயே கணக்குப் போடக் கற்றுத்தரும் மின்னல் கணக்கு வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கியவர். அதனால் மின்னலார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாமனார் தலைக்கு மேலே மாட்டினார். மாமனார் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மின்னலாருக்கு மிகவும் பிடித்தது ஒன்பது சோதனை. எந்த எண்ணானாலும் அதன் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டுவது. பெருக்கும் எண்களின் ஓரிலக்கங்களைப் பெருக்கி வருவதும் விடையின் ஓரிலக்கமும் ஒத்துப்போனால் விடை சரி.

வீட்டில் இந்த மேதைமைக்கு மதிப்பில்லை. "மூணு விசில்ல அடுப்பை அணைங்கன்னா, அஞ்சு விசில் விட்டுட்டு எதையோ கூட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!" என்பார் மனைவி.

மாமனாருக்கு முழங்கால் மக்கர் செய்யவே, கடை முன்பக்கத்தில் ஆர்டர் எடுக்கும் தன் நாற்காலியை மருமகன்களில் ஒருவருக்கு விட்டுவிட நினைத்தார். "அடுத்து வரப்போற கல்யாண மண்டப ஆர்டரைச் சின்ன மாப்பிள்ளை எடுக்கட்டும். பழுதில்லாம முடிஞ்சா நாற்காலி அவருக்கு. இல்லேன்னா பெரியவருக்கு."

மண்டபத்துக்காரர் வந்தார். "நீளத்துல அறுபத்துநாலு டைல்ஸ், அகலத்துல முப்பத்தொம்பது. ஒரே நிறமா இருக்கணும்."

மின்னலார் கண்ணை மூடினார். உதடு துடித்தது. "ரெண்டாயிரத்து நானூத்தி அறுபத்தொம்பது!"

"பேட்டரியைக் குடுங்க சகலை, ஒரு தட்டு தட்டிப் பாத்துடலாம்" என்றார் பெரியவர்.

"தட்டுறதுக்கு இது என்ன கதவா? சோதனை போட்டாச்சு. ரெண்டு பக்கமும் மூணு வருது. உங்களுக்கு வேணும்னா விரலை எண்ணிக்கிட்டு உக்காருங்க."

பெரியவர் விரலை எண்ணவில்லை. அட்டைப் பெட்டி ஒன்றின் முதுகில் பென்சிலால் பெருக்கினார். கடைசியில் வரவேண்டியது அறுபத்தொன்பது அல்ல, தொண்ணூற்றாறு. ஆறையும் ஒன்பதையும் இடம் மாற்றிப் போட்டாலும் கூட்டினால் அதே மூன்றுதான் வந்து நிற்கும் என்பதை மாடி வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு, உலகமே தன்னை நேசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

உடைசலுக்கென்று கூடுதலாக அனுப்பிய டைல்ஸை மேஸ்திரி நாணயமாக உடைத்தே தீர்த்தார். தரையில் வாசலோரம் இருபத்தேழு இடம் காலியாகக் கிடந்தது. ஒரே சூளையில் ஒரே தடவையில் வெந்த டைல்ஸ்தான் ஒரே நிறமாக இருக்கும்; அந்தச் சரக்கு தீர்ந்திருந்தது. அடுத்த சரக்கிலிருந்து போட்டதில், மண்டபத்து வாசல் வெள்ளைச் சட்டையில் டீ கொட்டியதுபோல ஆனது.

மண்டபத்துக்காரர் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதும் மின்னலார் முனகினார்: "ஒன்பது சோதனை போட்டுத்தான் சொன்னேன் மாமா."

"அப்ப உங்க ஒன்பதைக் கொண்டுபோய் அந்த வாசல்ல பதிங்க மாப்பிள்ளை."

"நான் அன்னைக்கே சொன்னேன் மாமா, தட்டிப் பாக்கலாம்னு" என்ற பெரியவர், பேச்சு முடியும் முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்னலாருக்குக் கடையின் பின்பக்கம், டைல்ஸ் ஒட்டும் பசை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை கிடைத்தது. சான்றிதழும் கூடவே போனது.

மறுநாள் ஒரு குளியலறை அளவு அவரிடம் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்துபோனவர், திரும்பி வந்து சரியான விடை சொன்னார். அடுத்து ஒரு சமையலறை. அதுவும் சரி.

முன் நாற்காலியிலிருந்து பெரியவர் கழுத்தை நீட்டினார். "என்ன சகலை, காலையிலேருந்து மணி பத்தேகாலாவே இருக்கு? கடிகாரம் நின்னுபோச்சா?"

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றார் மின்னலார். பாதி திறந்த இழுப்பறைக்குள் அவருடைய வலது கை இருந்தது. ஆள்காட்டி விரலால், சத்தம் வராமல், ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டிருந்தார்.