மரியமலரின் கையில் போட்ட பூமுடிச்சு

யாக்கோப்புக்கு முடிச்சு புதிதல்ல. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். எட்டு வயதிலேயே கிழிந்த வலை பொத்தப் பழகியவன். முப்பத்தெட்டாம் வயதில் அவனுடைய தோணி கடலுக்குள் பாறைப் பாரில் அடிபட்டுச் சிதறியது. மனைவியின் தமையன் மத்தேயுவின் தோணியில் கூலிக்குப் போக மனம் வரவில்லை. மனைவி மரியமலரைக் கூட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கு வந்து, காட்டோரம் ஒரு துண்டு நிலத்தை வெட்டித் துப்புரவாக்கி, மண்வீடு போட்டான். பிள்ளைகள் இல்லை. வயல் சோறு போடும்வரை கரையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து வீடு வீடாக விற்றான்.

அப்படிப் போன ஒரு வீட்டில்தான் வீரகத்தியைக் கண்டான். அவன் யாக்கோப்பைவிட எட்டு வயது இளையவன். வண்டிச் சவாரிப் போட்டிக்கு மாடு வளர்ப்பவன். மாமரத்தடியில் குந்தியிருந்து ஒரு சாட்டைப் பிடிக்குத் தோல் பின்னிக்கொண்டிருந்தான். எருமைத் தோலை மெல்லிய வாராக அறுத்து, தண்ணீரில் ஊறவைத்து, எட்டு வாரையும் மாறி மாறிப் போட்டு, பிடியின் அடியில் ஒரு குமிழாகக் கொண்டுவந்து முடித்தான். தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. அதற்குப் பூமுடிச்சு என்று பெயர்.

யாக்கோப்பு கருவாட்டுப் பெட்டியை மறந்து நின்றான்.

"என்ன சம்மாட்டியார், நூலிலை இப்பிடி ஒண்டு கண்டதில்லையோ?" என்றான் வீரகத்தி, தோணி முதலாளியைக் கூப்பிடுவதுபோலக் கேலியாக.

"எனக்கும் காட்டித் தாருமன்."

"உம்மடை கை வலைக்காரன் கை. ஓட்டை விட்டு ஓட்டை விட்டுப் பழகின கை. இது ஓட்டை விடாத வேலை."

சொல்லிக் கொடுக்க வீரகத்திக்குப் பொறுமை இருக்கவில்லை. மாடு மிதித்துப் பாழான பழைய பிடி ஒன்றை யாக்கோப்பின் முன்னால் எறிந்தான். "இதை ஊறவைச்சு அவிட்டுப் பாரும். அவிட்டவனுக்குக் கட்ட வரும்."

யாக்கோப்பு அதை இரண்டு நாள் ஊறவைத்தான். ஒரு வாரை இழுக்க முன்னர், அது எதன் மேலால் போகிறது, எதன் கீழால் வருகிறது என்று சுவரில் கரியால் கோடு போட்டான். அவிழ்த்து முடிய ஒரு கிழமை. மீண்டும் கட்டத் தொடங்கி மூன்று மாதம். எட்டு வாரில் ஒன்று எப்போதும் வழி தவறியது. ஐந்தாம் சுற்றில் தவறினால் முதலாம் சுற்றுவரை அவிழ்க்க வேண்டும். அதற்குள் தோல் காய்ந்துவிடும். மீண்டும் வாளிக்குள் போட வேண்டும். வயலால் வந்தால் தோல், சாப்பிட்டால் தோல்.

"கருவாட்டு நாத்தம் போதாதெண்டு இப்ப தோல் நாத்தமும் சேந்திட்டுது," என்றாள் மரியமலர். "இனி எங்கடை வீட்டை நாயும் காகமும்தான் விருந்துக்கு வரும்."

"சவாரிக்காரர் வருவினம் பாரன். என்ரை பிடியைத்தான் கேட்டு வருவினம்."

"வரட்டும். வாறவைக்கு முதல் மூக்கைப் பொத்தச் சொல்லுங்கோ."

ஒவ்வொரு பிடியையும் வீரகத்தியிடம் கொண்டுபோய்க் காட்டினான். வீரகத்தி பேச மாட்டான். இரண்டு வாருக்கு நடுவில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்துவான். நகம் உள்ளே போனால் பிடி திரும்பி வரும். எல்லாப் பிடியும் திரும்பி வந்தது. நாற்பதை நெருங்கும் மனிதன், தன்னைவிட இளையவனின் நகத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைபோல நின்றான். "நகம் போகுது அண்ணை," என்ற அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது, அடுத்த பிடியை அவன் மனம் பின்னத் தொடங்கிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் வெள்ளம் வந்தது. குளங்கள் உடைந்தன, தெரு அறுந்தது, பஸ் நின்றது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மரியமலர் விதைநெல்லைப் பரணில் ஏற்றப் போய் வழுக்கி விழுந்தாள். வலது முன்கை முறிந்தது. சோறு குழைக்கிற கை.

பக்கத்து வளவுக் கமலாசனி வந்து முழங்கையைப் பிடித்துக்கொள்ள, யாக்கோப்பு மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கையை நேராக்கினான். அதைத் திருத்தமாகத்தான் செய்தான். நான்கு பாலைமரக் குச்சிகளை வைத்துச் சேலைத் துண்டால் கட்டினான். துணி நனைந்து தளர்ந்து, விடிய முன்னர் குச்சிகள் கழன்று விழுந்தன. ஆகவே மறுநாள் தோல்வாரை எடுத்தான்.

காய்ந்தால் தோல் சுருங்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சுருங்குவதால்தான் பிடி கழலாது. அதனால் ஒரு விரல் நுழைய இடம் விட்டே சுற்றினான். சாட்டைப் பிடிக்கு அது போதும். ஆனால் மரம் வீங்காது. முறிந்த கை மூன்று நாளைக்கு வீங்கும். வீரகத்தியின் வளவில் அந்தப் பாடம் இல்லை.

சுற்றி முடிந்ததும் சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டிருக்கலாம். அவன் எட்டு வாரை எடுத்தான். இரண்டு மணித்தியாலம் குனிந்தபடி பின்னினான்.

"கட்டத்தான் வேணும். பூ என்னத்துக்கு?" என்றாள் மரியமலர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பூ இல்லாட்டிக் கழரும். ஆடாமல் இரு."

முடிச்சு வந்துவிட்டது. மூன்று மாதம் வராத முடிச்சு, மனைவியின் கையில் முதல் தடவையிலேயே வந்தது. கமலாசனி வந்து பார்த்தாள். "யாக்கோப்பண்ணை, நானும் ஒரு கையை முறிச்சுக்கொண்டு வாறன், எனக்கும் இப்பிடி ஒண்டு போட்டு விடுவியளோ?" மரியமலர்கூடச் சிரித்தாள்.

மழை விடாத மூன்று நாளும் தோல் ஈரமாகவே இருந்தது. ஈரத்தோல் நெகிழ்ந்து வீக்கத்துக்கு இடம் கொடுத்தது. நோவு குறைந்தது, அவள் எழுந்து உட்கார்ந்தாள். நான்காம் நாள் காலை வெயில் வந்தது. ஊரே நெல்லையும் துணியையும் வெளியே பரப்பியது. மரியமலரும் முற்றத்தில் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு இருந்தாள்.

மத்தியானம் கை விறைத்தது. பிறகு நோவு தொடங்கியது, முறிந்தபோது இருந்ததைவிடப் பெரிய நோவு. விரல்களை நீட்ட முடியவில்லை. குறைந்த நோவு திரும்பிக் கூடினால் அது எலும்பு பொருந்துகிற நோவல்ல, இரத்தம் போகாத நோவு. அந்த நேரத்தில் கட்டிய தோலை வெட்டினால் கை பிழைக்கும். யாக்கோப்புக்கு இரத்தத்தைப்பற்றித் தெரியாது. ஆனால் நகங்கள் நீலம் பாரித்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, இதை வெட்டி விடுங்கோ," என்றாள் மரியமலர். "என்னாலை ஏலாது."

கத்தி கூரையில் செருகியிருந்தது. அவன் எழும்பவில்லை. முடிச்சில் நகத்தை வைத்து அழுத்தினான். போகவில்லை. எந்தப் பக்கத்தாலும் போகவில்லை.

"பொறு. எலும்பு பொருந்தேக்கை நோகும்தானே. வீரகத்தி வரட்டும்."

வீரகத்தியின் வளவு வாய்க்காலுக்கு அப்பால். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாக்கோப்பு கரையில் நின்று கூப்பிட்டான். "விடிய வாறன் அண்ணை, தண்ணி வத்தட்டும்!" என்று அங்கிருந்து பதில் வந்தது. அவன் திரும்பி வந்து, வாசலில் நின்றான். மரியமலர் இன்னும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

விடிந்ததும் வீரகத்தி வந்தான். யாக்கோப்பு அவனை மனைவிக்கு அருகில் கூட்டிப்போய் முடிச்சைக் காட்ட வாயெடுத்தான். வீரகத்தி முடிச்சைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தான். மடியிலிருந்த கத்தியை எடுத்து, தோலுக்கும் குச்சிக்கும் நடுவில் விட்டு, ஒரே இழுப்பில் அறுத்தான். பூமுடிச்சு இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"எப்ப தொடக்கம் அண்ணை இப்பிடி?"

"நேற்று மத்தியானம்."

"கத்தி இல்லையோ வீட்டிலை?"

யாக்கோப்பு கூரையில் செருகியிருந்த கத்தியைப் பார்த்தான்.

தெரு திறந்து ஆசுபத்திரிக்குப் போகும்போது செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. எலும்பு பொருந்தியது. தசை செத்திருந்தது. மாதக் கணக்கில் விரல்கள் உள்ளே மடிந்து, கொக்கிபோல இறுகி நின்றன. வெந்நீர், எண்ணெய், நீட்டிப் பிடித்தல் எல்லாம் செய்து பார்த்தார்கள். செத்த தசை நீளாது.

மத்தேயு கரையிலிருந்து வந்து முற்றத்தில் நின்று கத்தினான். "தங்கச்சியின்ரை கையைப் பிடிச்சுக் குடுத்தன், மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடியாத் திருப்பித் தாறாய்!"

"அண்ணை, சத்தம் போடாதையுங்கோ," என்றாள் மரியமலர். "அவர் அறியாமல் செய்தவர்."

அன்று தொடங்கிய வசனம் அது. கோயிலில் கேட்டவர்களுக்கும், சந்தையில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னாள். அவர் அறியாமல் செய்தவர். யாக்கோப்பு பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வான். ஊர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது.

அவன் தோலைத் தொடுவதை விட்டுவிட்டான். சவாரிக்காரர் இரண்டு பேர் உண்மையாகவே பிடி கேட்டு வந்தார்கள். தெரியாது என்று அனுப்பினான். தேங்காய் துருவினான், மீன் வெட்டினான், மனைவியின் சட்டைக்கு ஊசி குத்திவிட்டான். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவதும் அவன்தான்.

"இறுக்கிப் பின்னுங்கோ, கிணத்தடிக்குப் போக முதல் அவிழுது."

அவனுக்கு இறுக்க வரவில்லை. ஏழு வருடமாக அவளுடைய பின்னல் கிணற்றடிக்குப் போக முன்னரே அவிழ்ந்தது.

அறுபத்தைந்தாம் ஆண்டு தபசு நோன்புக் காலத்தில் முல்லைத்தீவுக் கோயிலில் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பாவங்களைச் சொன்னபோது, அந்த மத்தியானத்தையும் சொன்னான். சுவாமி மன்னிப்புக் கொடுத்து, சொல்ல வேண்டிய செபங்களையும் சொல்லி அனுப்பினார். செபத்தைச் சொல்லி முடித்தான். நெஞ்சு அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து, மரியமலர் இடது கையால் அரிசி அளந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றான்.

"மலர், அண்டைக்கு எனக்கு விளங்கினது. நகம் நீலமாப் போறதைக் கண்டனான். வெட்டினால் முடிச்சுப் போயிடும் எண்டுதான் வெட்டேல்லை. வீரகத்தி ஒருக்காப் பாக்கட்டும் எண்டு நினைச்சனான்."

மரியமலர் அளந்த அரிசியைச் சட்டியில் கொட்டினாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்கள் வாசலிலை நிண்டு வாய்க்கால் பக்கம்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அதுக்குப் பிறகு ஒருக்காக்கூட என்ரை கையைத் திரும்பிப் பாக்கேல்லை."

"பிறகேன் எல்லாருக்கும் அறியாமல் செய்தவர் எண்டு..."

"உங்களுக்காகச் சொன்னனான் எண்டு நினைச்சியளோ? எனக்காகச் சொன்னனான். அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் உங்களுக்குச் சோறு போட்டனான்." அவள் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "இப்ப நீங்களே வந்து சொல்லிப்போட்டியள். இனி நான் அதைச் சொல்ல ஏலாதே."

அவன் அழுதான். அவள் அரிசி களைந்தாள். அன்றும் சமைத்தாள், மறுநாளும் சமைத்தாள். காலையில் வழமைபோல முதுகைக் காட்டிக்கொண்டு தலை பின்ன இருந்தாள். வீட்டில் சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆவணியில் மத்தேயுவின் மகளுக்குக் கலியாணம். கரைக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி மரியமலரின் கையைப் பார்த்து, "ஐயோ அக்கா, இது என்ன நடந்தது?" என்று கேட்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த யாக்கோப்பு பழக்கத்தில் தலையைக் குனிந்தான்.

"வெள்ளத்திலை முறிஞ்சது. சரி வரேல்லை," என்றாள் மரியமலர்.

அவன் குனிந்தபடியே வழமையான அந்த வசனத்தை எதிர்பார்த்திருந்தான். அவள் அந்தப் பெண்ணிடம், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.