இல்லை என்று சொல்லாத கடை

கேள்வி கேட்டே பிழைக்கிறவள் என்று ஸ்ரீரஞ்சனியைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, சிரிப்பாள். பதினொரு வருஷமாக அதுதானே வேலை! ஒரு மேலாண்மைக் கல்லூரி நடத்தும் ஆராய்ச்சிகளுக்காகக் கடை கடையாக ஏறி, முதலாளியைப் பிடித்து உட்கார வைத்து, கேள்வி கேட்டு, பதிலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். மயிலாப்பூரில் வீடு. வயது நாற்பத்தாறு. பருத்திப் புடவையும் தோளில் ஜோல்னாப் பையுமாக அவளைப் பார்த்தால் பாட்டு டீச்சர் என்றுதான் தோன்றும். இன்ஷூரன்ஸ் விற்க வந்தவள் என்று விரட்டியவர்களும் உண்டு. விரட்டினால் போய்விடுகிற ஆளா அவள்? மறுநாளும் வந்து நிற்பாள்.

போன ஆனியில் தொடங்கிய ஆராய்ச்சி தி.நகர் கடைகளைப் பற்றியது. ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடைகளில் ஒன்று மட்டும் ஏன் வளர்கிறது? அதிர்ஷ்டம் என்பார்கள் தெருக்காரர்கள். நிர்வாகம் என்பார் பேராசிரியர் சந்திரமௌலி. நாடு வளர்வதும் தேய்வதும் கடைசியில் அங்கேதான் போய் முட்டும் என்பது அவர் கட்சி. கடைக்குப் பதினெட்டுக் கேள்விகள். சரக்கு இருப்பை எப்போது எண்ணுவீர்கள், ஆட்களுக்குப் பயிற்சி உண்டா, நீங்கள் இல்லாத நாளில் யார் முடிவெடுப்பார்கள், இப்படி. மதிப்பெண் குறைவாக வந்த கடைகளின் பேர்களைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஆறு மாதம் இலவசமாக ஓர் ஆலோசகரை அனுப்புவார்கள். மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஸ்ரீரஞ்சனி காலை ஒன்பதரைக்கே கடைக்குள் நுழைந்துவிடுவாள். விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, முதல் போணிக்காக முதலாளி காத்திருக்கும் நேரம். வாடிக்கையாளர் யாரும் இருக்கமாட்டார்கள், நிதானமாகப் பேசலாம் என்பது அவள் கணக்கு. கூட வேலை பார்க்கும் பரத்வாஜோ மதியம் மூன்று மணிக்கு எழுந்து வந்து, டீக்கடையில் நிற்கும் முதலாளிகளை மடக்கிக் கேட்பான். சோம்பேறி என்று அவனை அவள் வாய்க்குள் திட்டாத நாள் கிடையாது.

உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் தங்கத்தின் பாத்திரக் கடைக்கும் அவள் அப்படித்தான் போனாள். தங்கம் திருநெல்வேலிப் பக்கம். கணவர் போய் ஆறு வருஷமாகக் கடையைத் தனியாக நடத்துகிறவள். கேட்டதற்கெல்லாம் சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். இருப்பு எண்ணுவீர்களா? "எண்ணிட்டேதான இருக்கோம்." ஆட்களுக்குப் பயிற்சி? "அது நடந்துட்டுல்லா இருக்கு." நீங்கள் இல்லாத அன்றைக்கு? "நம்ம கரீமுல்லா பாய் இருக்காருல்லா, பத்தொன்பது வருசமா." ஸ்ரீரஞ்சனி வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகமில்லை. ஆனாலும் பளபளவென்ற கடை, பவ்யமான ஆட்கள், தயங்காத பதில். நாலு, நாலு, நாலு என்று போட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தங்கம் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், பாத்திரக் கடை தங்கம் பேசுதேன். பக்கத்துக் கடை வெள்ளைச்சாமி அண்ணாச்சி பேரு குலுக்கலுக்குப் போயிருக்காம். எங்க பேரு வரலையே?"

"உங்க கடை நன்னா நடக்கறதுன்னு மார்க் வந்திருக்கும்மா. நன்னா நடக்கற கடைக்கு ஆலோசகர் கிடையாது."



"நல்லாவா நடக்கு? ஆறு வருசமா ஒருநா நான் கடைய விட்டு நகர முடியல மேடம். மொதப் பிரசவத்துக்கு எம்மக பூஜா இங்கதான் வந்திருந்தா. அவளுக்கு வலி எடுத்தப்ப, நான் கல்யாணப் பார்ட்டி ஒண்ணுக்கு அண்டா வெல பேசிட்டு இருந்தேன். ஆசுபத்திரிக்குப் போய்ச் சேருததுக்குள்ள பிள்ள பொறந்து ரெண்டு மணி நேரம் ஆயிப்போச்சு. அவ ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாக்கூட ஆறியிருக்கும். வார கார்த்திகையில கோயம்புத்தூர்ல அவளுக்கு ரெண்டாவது. வெளக்கு வியாபாரம் உச்சத்துல இருக்குத மாசம். பத்து நா நான் இல்லாம கடை ஓடணும். அதுக்கு ஒரு வழி சொல்ல ஆளு வரும்னுதான் ஒங்க பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்."

"பின்ன ஏம்மா, கேட்டதுக்கெல்லாம் இருக்கு, நடக்கறதுன்னு சொன்னேள்?"

"காலங்காத்தால வெளக்கேத்தி, போணி ஆகாம, கடைக்குள்ள உக்காந்துகிட்டு இல்லன்னு சொல்லச் சொல்லுதீங்களா? வந்த லெச்சுமி அப்படியே திரும்பிப் போயிர மாட்டாளா?"

ஸ்ரீரஞ்சனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரான் வீட்டு வழக்கமாக இருந்தால் தெரியாமல் போச்சு என்று சொல்லித் தப்பிக்கலாம். அன்றைக்குக் காலையில்தான், ஆபீஸுக்குக் கிளம்பிய கணவர் அச்யுத்திடம் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஆத்துல அரிசி நிறைஞ்சிருக்கு. வரச்சே அஞ்சு கிலோ வாங்கிண்டு வந்துடுங்கோ." தீர்ந்துவிட்டது என்ற சொல் அவள் சமையலறையில் இருபது வருஷமாக ஒலித்ததில்லை. அச்யுத்துக்குப் புரிகிற பாஷை பதினொரு வருஷம் கேள்வி கேட்டவளுக்குப் புரியவில்லையே! ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்திருந்தால் அவள் கடித்துக் குதறியிருப்பாள்.

டேப்லெட்டை எடுத்துப் பட்டியலைப் பார்த்தாள். தென்மாவட்டத்துக் குடும்பங்கள் நடத்தும் கடைகளில், போணிக்கு முன்னால் அவள் போய் உட்கார்ந்தவை மட்டும் முப்பத்தொன்று. அத்தனையிலும் நாலு, நாலரை. பரத்வாஜ் டீக்கடையில் கேட்ட கடைகளோ ஒன்றரையைத் தாண்டவில்லை. வெள்ளைச்சாமி அண்ணாச்சி கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, மனம் திறந்து இல்லை இல்லை என்று கொட்டியிருக்கிறார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தாள், பொய் சொல்வானேன். அடுத்த மாதம் அவளை மேற்பார்வையாளர் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. வெயிலில் அலைய வேண்டாம், அடையாறு ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம். ஆனால் கண்ணை மூடினால், பிள்ளை பிறந்து இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு வாங்க ஆஸ்பத்திரிப் படியேறும் ஒரு பெண்தான் தெரிந்தாள். விடிந்ததும் அடையாறுக்கு பஸ் ஏறினாள்.

சந்திரமௌலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "முப்பத்தோரு கடையா? நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, ஸ்ரீரஞ்சனி."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் மேலே கணக்குக் கேட்கிறவர்கள் இருப்பார்களே. முப்பத்தொரு கடையையும் திரும்பக் கேட்க வேண்டும், அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது என்றார். மேற்பார்வையாளர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அது பரத்வாஜுக்குப் போயிற்று. வயிறு எரிந்ததா என்றால் எரிந்தது. அவள் ஒன்றும் ஞானி இல்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவை நெரித்த ஒரு மதியம், தங்கத்தைப் பனகல் பார்க்குக்கு அழைத்துக்கொண்டு போனாள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டாள். தங்கம் கடை இருக்கும் திசையை ஒருதரம் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் மெதுவாக.

இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்கும். போகப் போகக் குரல் கனத்தது. நீங்கள் இல்லாத நாளில் யார் விலை சொல்வார்கள் என்ற கேள்வி வந்தபோது தங்கம் அழுதேவிட்டாள்.

"யாரும் இல்ல மேடம். ஒவ்வொரு பாத்திரத்துக்கு அடியிலயும் அசல் வெலய எழுத்துல எழுதி ஒட்டியிருப்போம். எந்த எழுத்து எந்த நம்பருன்னு குடும்பத்துக்கு மட்டுந்தான் தெரியும். எங்க வீட்டுக்காரரு போறதுக்கு மொத நாளு எங்கிட்ட சொன்னாரு. வேத்தாளுக்குச் சொல்லாதன்னாரு. கரீமுல்லா பாய்க்குத் தெரியாது. பத்தொன்பது வருசமா என் மூஞ்சியப் பாத்துத்தான் வெல சொல்லுதாரு."

பதினெட்டில் பதினாறு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, "அப்பாடா, வாய்விட்டுச் சொன்னதே மலைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு," என்றாள் தங்கம். மதிப்பெண் ஒன்று புள்ளி இரண்டு வந்தது. இவ்வளவு மட்டமான மதிப்பெண்ணை ஸ்ரீரஞ்சனி இவ்வளவு சந்தோஷமாக எந்தக் கடைக்கும் போட்டதில்லை.

குலுக்கல் ஆவணியில் நடந்தது. கம்ப்யூட்டர்தான் குலுக்கியது, அதற்கு யார் மகள் எங்கே பிரசவிக்கிறாள் என்றா தெரியும்? தங்கத்தின் கடை ஒப்பிட்டுப் பார்க்கும் பாதியில் விழுந்தது. ஆலோசகர் வரமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பதினெட்டுக் கேள்விகளோடு ஸ்ரீரஞ்சனிதான் வருவாள்.

இதைப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நேரில் போனாள். கடைக்குள் ஏறாமல் தங்கத்தை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். "என் தப்பைத் திருத்திண்டுட்டேன், உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. மன்னிச்சுக்கோங்கோ."

தங்கம் கேட்டாள்: "அந்த ஆலோசகர் வந்தா என்ன சொல்லுவாரு?"

"அதை நான் சொல்லப்படாதும்மா. சொன்னா ஆராய்ச்சியே கெட்டுடும்."

"சரி விடுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆனா கேட்டீங்கல்லா, நீ இல்லாட்டா யாருன்னு? இந்த ஆறு வருசத்துல அத ஒரு மனுசன் எங்கிட்ட கேட்டதில்ல." உள்ளே வாடிக்கையாளர் கூப்பிட, போய்விட்டாள். ஸ்ரீரஞ்சனி மயிலாப்பூர் வரை நடந்தே வந்தாள். பஸ்ஸில் ஏறி யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

கார்த்திகை பிறந்து, தூறலும் வெயிலுமாக இருந்த ஒரு நாள், மூன்றாம் மாதக் கேள்விகளோடு திரும்பப் போனாள். மதியம் மூன்று மணி. சந்து முழுக்கக் குத்துவிளக்கு வாங்க வந்த கூட்டம். தங்கத்தின் கடையில் கல்லாவுக்குப் பின்னால் கரீமுல்லா பாய் உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மாள் நீட்டிய விளக்கைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்து, ஒரு விலை சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகுதான் ஸ்ரீரஞ்சனியைக் கவனித்தார்.

"இன்னா மேடம், அம்மாவப் பாக்கவா வந்தீங்க? அவங்க கோயம்புத்தூர் போய்க்கீறாங்க. இன்னிக்கு நாலாவது நாளு."

"எழுத்தெல்லாம்..."

"புரட்டாசிலயே சொல்லிக் குட்த்துட்டாங்க. பக்கத்துல குந்த வச்சி, ஒரு வாரம். அம்மா, இத எனுக்கு ஏன் சொல்றன்னேன். நீ வேத்தாளா பாய்னு கேட்டுட்டாங்க." அவர் கல்லாப் பெட்டியைத் தேவையில்லாமல் ஒருமுறை திறந்து மூடினார்.

"குழந்தை பிறந்தாச்சா? என்ன குழந்தை?"

"இன்னும் பொறக்கல மேடம். நாளிக்கோ நாளன்னிக்கோன்னு டாக்டர் சொல்லிக்கீறாராம். நம்ம அம்மா இப்பவே போய் பொண்ணு பக்கத்துல குந்திக்கினு கீறாங்க."

ஸ்ரீரஞ்சனி வாசலில் நின்று டேப்லெட்டைத் திறந்தாள். முதலாளியைச் சந்திக்க முடியவில்லை என்ற கட்டத்தைத் தொட்டாள். காரணம் எழுதச் சொல்லிக் கேட்டது. அந்த வரியைப் படித்துவிட்டுப் பரத்வாஜ் நூறு விளக்கம் கேட்பான், கேட்கட்டும். கண்ணில் நிறைந்ததைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு எழுதினாள்: மகளுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் இருக்கப் போயிருக்கிறார்.