ஹாரன் வாங்கிய தொட்டி

பள்ளி வேன் ஓட்டும் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ஹாரன். நடுரோட்டில் நாய் படுத்திருந்தால் இறங்கிப் போய் எழுப்பிவிட்டு வருவாரே தவிர, ஹாரனில் கை வைக்க மாட்டார். அதனால் வந்த பெயர்.

ஐம்பது வயதைத் தாண்டி அவர் வீடு கட்டத் துணிந்ததற்கு மனைவியின் முழங்கால்தான் காரணம். வாடகைக்கு இருந்த இடத்தில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒரே கழிப்பறை. குந்தி உட்கார்ந்துவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

"உட்கார்ந்து எந்திரிக்க தோதா ஒரு கக்கூஸ் இருந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள்.

கைக்கு எட்டிய விலையில் ஊருக்கு வெளியே ஒரு பள்ளமான மனைதான் அமைந்தது. பாதாளச் சாக்கடை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சுவர் எழும்பி, கூரை போட்டு, அவள் கேட்டபடி உட்காரத் தோதான பீங்கானும் பதித்தாயிற்று. செப்டிக் டேங்க் விஷயத்தில்தான் அவருக்கு மண்டை காய்ந்தது. இடுப்பளவு தோண்டுவதற்குள் குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

"செங்கல்லுல கட்டி, பக்கத்துல சிமெண்டு வளையமா உறை இறக்கிடலாம். கழிவுத்தண்ணி உறை வழியா மண்ணுல இறங்கிடும்" என்றார் கொத்தனார்.

"மண்ணுக்குள்ளயே தண்ணி நிக்குதே. எங்க இறங்கும்?"

"வெயில்ல இறங்கும்."

"மழைக்கு?"

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா வீடு. குழியை ஒட்டினாற்போல் அவள் கிணறு. அவள் சண்டைக்கு வரவில்லை. "தப்பா நினைக்காதீங்க அண்ணே. எங்களுக்குக் குடிக்க இது ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னாள். ஹாரன் அன்றைக்கே உறையைக் கைவிட்டார்.

மனைவியின் தம்பி குழாய்க்கடையில் வேலை பார்த்தான். "எல்லாப் பக்கமும் மூடின பிளாஸ்டிக் டேங்க் இருக்கு மாமா. ஒரு சொட்டு வெளிய போகாது. நிறைஞ்சா லாரிக்காரன் வந்து உறிஞ்சிட்டுப் போவான்" என்றான். பணம் கட்டி வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னான்: "மழைக்காலத்துல முழுசா மட்டும் காலி பண்ணிடாதீங்க. வெறும் டேங்க் படகு மாதிரி மேல வந்துடும்."

ஹாரன் தலையாட்டினார். வீட்டில் போய் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

குடிபோன புதிதில் அவள் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஆனால் வடிய வழியில்லாத தொட்டி, நினைத்ததைவிடச் சீக்கிரம் நிறைந்தது. மழை பிடித்துக்கொண்டு, சேற்றில் லாரி வர முடியாமல் இழுத்தடித்தது. ஒருவழியாக மழை சற்று விட்ட ஒரு மதியம் லாரி வந்து நின்றபோது ஹாரன் வேனோடு போயிருந்தார்.

அவள் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. "வந்ததுதான் வந்தீங்க, அடிவரைக்கும் சுத்தமா எடுத்துடுங்க தம்பி" என்றாள்.

சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பிள்ளைகளை ஒவ்வொருவராக வீடு சேர்த்துவிட்டு அவர் வந்தபோது, தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து முதுகைக் காட்டியது. குழாய் முறிந்து, குளியலறைத் தரை வெடித்து, பீங்கான் கோணிக்கொண்டு நின்றது. அடியில் ஒட்டியிருந்த கசடெல்லாம் வெள்ளத்தோடு கலந்து கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

விடிந்ததும் மச்சினன் ஓடிவந்தான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா. யாரு முழுசா எடுக்கச் சொன்னது?"

"நான்தான்" என்றார் ஹாரன்.

"அவர் இல்லடா. நான்தான் சொன்னேன்" என்றாள் அவள், வாசற்படியில் நின்றபடி. பிறகு கணவரைப் பார்த்தாள். "எங்கிட்ட யாரும் சொல்லலையே."



தையல்காரம்மா கத்தவில்லை, ஏசவில்லை. கேனில் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். 'அண்ணே' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இரைந்து ஒரு பாட்டம் திட்டியிருந்தால்கூட ஹாரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கொத்தனாரைக் கேட்டால், தரை காயட்டும் என்கிறார். காய்ந்து மறுபடி புதைத்தாலும் அடுத்த மழை வராமலா போகும்?

இப்போது விடிகாலையில், முதல் டிரிப்புக்கு முன்னால், மனைவியை வேனில் ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டுப் பெட்ரோல் பங்கில் இருக்கும் கழிப்பறைக்குப் போகிறார். அவள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டார். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

வீட்டை விற்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கூடத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பின்கட்டுக்குப் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது.

"இன்னிக்கு வந்தவங்க என்ன சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றோம்னாங்க."

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.